ஊசியக்கா ஏலத்தில் எடுத்த வண்டி

அன்றைக்கு மழை பெய்ததா இல்லையா என்பதில் இப்போது குழப்பம் இருக்கிறது. தகரக் கொட்டகைமேல் சடசடவென்று விழுந்த சத்தம் இன்னும் காதில் இருப்பதாக ஊசியக்கா சொல்வாள். ஒரு சொட்டுகூட இல்லை, வெயில் மண்டையைப் பிளந்தது என்று மகள் சாதிப்பாள். மூன்றாவதாகக் கேட்கக்கூடிய ஆள் ஊசியக்காவின் கணவர். அவரை யாரும் கேட்பதில்லை. எது சரி என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஏலத்தில் யார் எப்போது கையைத் தூக்கினார்கள் என்பதில் மட்டும் மூவருக்கும் ஒரே ஞாபகம்தான்.

ஊசியக்கா என்ற பெயர் அவளுக்குப் பாதி தொழிலால் வந்தது, மீதி நாக்கால் வந்தது. வண்டி இருக்கைகளுக்கு உறை தைப்பவள். குடியிருக்கும் வீட்டிலேயே முன்னறையில் மெஷின். மாதக் கடைசிக்குள் காலி செய்யுங்கள் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். தையல் சத்தம் கேட்கும் வீட்டை வாடகைக்குத் தர வேறு யாரும் தயாராக இல்லை. ஏலத்துக்கு முந்தின வாரம் சாப்பாட்டு மேஜையில் அவள் தன் முடிவை அறிவித்தாள்: பழைய பள்ளிப் பேருந்து ஒன்றை ஏலத்தில் எடுக்கப்போகிறாள். முன்பாதியில் மெஷின், பின்பாதியில் குடித்தனம். இனி எவனும் காலி செய் என்று சொல்ல முடியாது.

கணவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பள்ளிக்கூட விசாரணை முடிந்த நாளிலிருந்து அவர் அவளோடு பேசுவதில்லை.

அவர் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். வேலை போய்விட்டாலும் தெருவில் பேர் போகவில்லை, இன்னும் ஓட்டுநர்தான். ஒரு நாள் காலை, பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு பின்னால் திரும்பிப் பார்க்காமல் வண்டியைக் கொட்டடியில் பூட்டிவிட்டு வந்துவிட்டார். உள்ளே ஒரு சின்னப் பெண் தூங்கிக்கொண்டிருந்தது. பிற்பகலில்தான் எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டது. விசாரணையில் ஊசியக்காவைக் கூப்பிட்டு, முந்தின இரவு உங்கள் கணவர் குடித்தாரா என்று கேட்டார்கள். ஆமாம் என்றாள். அது உண்மை. உண்மை சொன்னதற்காக அவளை யாரும் குறை சொல்ல முடியாது. அவரும் சொல்லவில்லை. எதையுமே சொல்லவில்லை.

அன்றிலிருந்து அந்த வீட்டில் பேச்செல்லாம் மகள் வழியாக. "உங்கம்மாகிட்ட சொல்லு, தண்ணி வரலை." "உங்கப்பாகிட்ட சொல்லு, எனக்கு மட்டும் வருதாமா?" இருவரும் ஒரே அறையில் இருக்கும்போதும் இப்படித்தான். மருந்துக்கடையில் நாளெல்லாம் நின்று மற்றவர்களின் இருமலைக் கேட்டுவிட்டு வரும் மகள், வீட்டுக்கு வந்ததும் இந்த வேலையைத் தொடங்குவாள்.

ஏலத்தன்று காலை, ஓட்டுநர் மகளைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டு ஏதோ சொல்வதை ஊசியக்கா ஜன்னல் வழியே பார்த்தாள். மகள் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"என்னவாம்?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா இவ்வளவு நேரம் கையை ஆட்டிப் பேசினார்?"

"அம்மா, நேரமாச்சு. கிளம்பு."

கிளம்பினார்கள்.

ஏலக் கிடங்கு ஊருக்கு வெளியே, கம்பி வேலிக்குள். கார்கள் ஒரு பக்கம், சரக்கு வண்டிகள் ஒரு பக்கம். கடைசி வரிசையில் மஞ்சள் பேருந்துகள். பள்ளியின் பெயரைச் சுரண்டி எடுத்திருந்தாலும், எழுத்து இருந்த இடத்தில் மஞ்சள் கொஞ்சம் பளிச்சென்று இருந்தது. படிக்க வேண்டாம் என்று நினைத்தாலும் கண் படித்துவிடும்.

ஊசியக்காவின் தம்பி முன்னாலேயே வந்து காத்திருந்தான். வெல்டிங் பட்டறைக்காரன். வண்டியை வீடாக்கும் வேலை அவனுடையது. கையில் சிறிய சுத்தியல் வைத்திருந்தான்.

"அதை உள்ள வைங்க," என்றார் காவலாளி. "கண்ணால பாக்கலாம். எஞ்சின் கேட்டா போட்டுக் காட்டுவோம். தட்டறது, கீழ படுக்கறது, சுரண்டறது எதுவும் கூடாது."

"செருப்பு வாங்கினாக்கூட காலை விட்டுப் பாக்க விடறானுங்களேயா."

"அப்ப போய் செருப்பு வாங்குங்க."

தம்பி சுத்தியலைப் பையில் போட்டான். காவலாளி எஞ்சினைப் போட்டுக் காட்டினார். தம்பி காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டுத் தலையாட்டினான். "அக்கா, எஞ்சின் கிண்ணுனு இருக்கு. அடியில என்னன்னுதான் தெரியலை. கறுப்பா தாரு மாதிரி பூசி வெச்சிருக்கானுங்க."

ஊசியக்கா அதைக் காதில் வாங்கவில்லை. படியேறி உள்ளே போய்விட்டாள்.

அது நாலாம் நம்பர் வண்டி. அவர் ஓட்டிய வண்டி. இருக்கைகள் முழுக்க அவள் தைத்த உறைகள். நீல ரெக்ஸின், சாம்பல் நிற ஓரம், இரட்டைத் தையல். கையை அடியில் விட்டுத் தடவினாள். தையல் முடிகிற இடத்தில் அவள் மட்டும் போடும் முடிச்சு, இன்னும் அப்படியே இருந்தது. ஒரு நூல் பிரியவில்லை.

அந்த வேலை வந்த நாள் ஞாபகம் வந்தது. வெள்ளம் வந்து போன வருஷம். ஒரு வண்டிக்கு மொத்த உறையும் ஒரே சமயத்தில் வேண்டும் என்று பள்ளியில் கேட்டார்கள். அவ்வளவு பெரிய வேலை அவளுக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை. ஓட்டுநரே ரெக்ஸின் சுருளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து முன்னறையில் இறக்கினார். "உனக்குத்தான்னு சொல்லி வாங்கிட்டு வந்தேன்," என்றார். அன்று இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்கள். மொத்தமும் ஏன் ஒரே சமயத்தில் என்று அவள் கேட்கவில்லை. வேலை வரும்போது ஏன் வந்தாய் என்றா கேட்பார்கள்?

அந்தக் குழந்தை எந்த இருக்கையில் தூங்கியது என்று அவளுக்குத் தெரியாது. ஏதோ ஒன்றில் உட்கார்ந்தாள். பிறகு இறங்கி வந்து, "இதுதான்," என்றாள்.

மகள் கொட்டகை வாசலில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். "வேற வண்டியும் பாக்கலாமே அம்மா."

"ஏன்?"

"சும்மாதான்."

"சும்மா சொல்றதை எல்லாம் கேட்டா நான் எப்ப குடித்தனம் பண்றது?"

கொட்டகைக்குள் பிளாஸ்டிக் நாற்காலிகள். விலை கேட்பவர்கள் முன்பணம் கட்டி, எண் போட்ட அட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். கேட்கும்போது அட்டையைத் தூக்க வேண்டும். எடுத்துவிட்டு மீதியைக் கட்டாவிட்டால் முன்பணம் போயிற்று, வண்டி மறு ஏலத்துக்குப் போகும். இதையெல்லாம் ஏலக்காரர் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் ஊசியக்கா எதிர்ப்பக்கத் தூணைப் பார்த்தாள்.

தூணில் சாய்ந்து ஓட்டுநர் நின்றுகொண்டிருந்தார். நீலச் சட்டை. கையில் அட்டை.

"இவருக்கு எதுக்குடி அட்டை?"

மகள் நிமிர்ந்து பார்த்தாள். "தெரியல," என்றாள். அது மட்டும் நிஜம்.

நாலாம் நம்பர் வண்டி வந்தது. முதலில் கேட்டது பழைய இரும்புக் கடைக்காரர். பிறகு ஊசியக்கா. திரும்ப அவர், திரும்ப இவள். இரும்புக் கடைக்காரர் சீக்கிரமே அட்டையைச் சட்டைப்பையில் செருகிவிட்டு, பல் குத்த ஆரம்பித்தார். அவள் மனதில் வைத்திருந்த தொகையில் பாதிகூட ஆகவில்லை. மீதிப் பாதியில் தகரம், பலகை, குழாய், கட்டில் எல்லாம் முடிந்துவிடும்.

"ஒரு தரம்," என்றார் ஏலக்காரர்.

தூணருகே அட்டை உயர்ந்தது.

ஊசியக்கா முதலில் நம்பவில்லை. பிறகு நம்பினாள். நம்பியதும் காது சூடாயிற்று. அவர் அவளைப் பார்த்துத் தலையை இடமும் வலமும் ஆட்டினார். வேண்டாம் என்பதுபோல. உனக்கில்லை என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

அட்டையைத் தூக்கினாள். அவர் தூக்கினார். அவள் தூக்கினாள்.

"நீலச் சட்டை ஐயா விடறதா இல்லை," என்றார் ஏலக்காரர், குரலில் உற்சாகம் ஏறி. "அம்மா என்ன சொல்றீங்க? விட்டுக்குடுத்துடறீங்களா?"

"அவருக்கு விட்டுக்குடுத்து விட்டுக்குடுத்துத்தான் இங்க வந்து நிக்கிறேன்!"

யாரோ சிரித்தார்கள்.

"தெரிஞ்சவரா?"

"கட்டினவர்."

கொட்டகை முழுக்கச் சிரித்தது. பல் குத்திக்கொண்டிருந்தவருக்குப் புரையேறியது. "குடும்பச் சண்டைக்கு இங்க தனி ஏலம் இல்லைங்க," என்றார் ஏலக்காரர். "யார் எடுத்தாலும் ஒரே வீட்டுக்குத்தானே போகுது? எனக்கென்ன, கேளுங்க!"

கேட்டார்கள். அவள் மனதில் வைத்திருந்த தொகை வந்தது, தாண்டியும் போயிற்று. தம்பி அவள் முழங்கையைப் பிடித்தான். "அக்கா, போதும். தகரம் வாங்கக் காசிருக்காது."

"கையை விடு."

"அம்மா, விட்டுடு," என்றாள் மகள்.

"ஏன்? ஏன்னு சொல்லு, விடறேன்."

மகள் வாயைத் திறந்தாள். எதிர்ப்பக்கம் பார்த்தாள். அவர் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் வாயை மூடிக்கொண்டாள்.

ஊசியக்கா கடைசியாக ஒருமுறை அட்டையைத் தூக்கினாள். தூக்கிய கையை இறக்கவில்லை. அந்தக் கை இறங்கப்போவதில்லை என்று பார்த்ததும் அவர் தன் அட்டையை மடித்துக் கீழே போட்டார்.

மூன்று தரமும் சொல்லியாயிற்று. வண்டி அவளுடையது.

பணம் கட்டும் ஜன்னலில் அவள் நோட்டுக் கட்டுகளை எண்ணி வைத்தாள். வீட்டுக்குக் கொடுத்திருந்த முன்பணத்தை வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்கி வைத்திருந்தாள். தையலில் சேர்த்ததும் இருந்தது. எல்லாம் உள்ளே போயிற்று. வெளியே ஒரு சாவி வந்தது.

இப்போது வண்டி அவளுடையது என்பதால் காவலாளி ஒன்றும் சொல்லவில்லை. தம்பி தரையில் சாக்கை விரித்து அடியில் நுழைந்தான். சுத்தியல் சத்தம் கேட்டது. டங் என்று கேட்க வேண்டிய இடத்தில் பொத் என்று கேட்டது. பிறகு சத்தமே இல்லை.

"என்னடா?"

வெளியே வந்தபோது அவன் தலையெல்லாம் துரு. கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் காட்டினான். "பிடி வரைக்கும் உள்ள போயிடுச்சுக்கா. ஈர அட்டைப்பெட்டியில குத்தற மாதிரி. சேஸிஸ்னு அடிச்சட்டமே இல்லை, பெயிண்ட்தான் நிக்குது. பலகை, தொட்டி, மெஷின் எல்லாம் ஏத்திட்டு ரோட்டுல போனா நடுவுல முறிஞ்சு உக்காந்துடும். இதுல நான் வெல்டு வைக்க மாட்டேன். வெச்சாலும் பிடிச்சுக்க இரும்பே இல்லை."

ஊசியக்கா வண்டியின் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்படிடா? உள்ள ஒரு கறை இல்லையே. ஒரு நூல் பிரியலையே."

"தண்ணியில நின்ன வண்டி." ஓட்டுநரின் குரல்.

எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை. மகளுக்குப் பக்கத்தில் நின்று, மகளைப் பார்த்தே சொன்னார். "வெள்ளத்துல சீட்டு வரைக்கும் தண்ணி, ஒரு வாரம் நின்னுது. அதுக்கப்புறம்தானே மொத்த உறையும் மாத்தினாங்க. தைச்சவங்களுக்குத் தெரியாதா? அதுக்குத்தான் காலையிலேயே சொல்லி அனுப்பினேனே, நாலாம் நம்பர் வேண்டாம்னு."

"யார்கிட்ட?" என்றாள் ஊசியக்கா.

எல்லோரும் மகளைப் பார்த்தார்கள்.

"என்கிட்ட," என்றாள் மகள். "நான் சொல்லலை."

"ஏன்டி?"

"என்னால முடியலைம்மா." கத்தவில்லை, கடைக்கு வருபவர்களிடம் மருந்து தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். "கிணத்தடியில நின்னுக்கிட்டு, உங்கம்மாகிட்ட சொல்லுங்கறார். நீ ஜன்னல்ல நின்னுக்கிட்டு, என்னவாம்கற. நடுவுல நான் யாரு? இன்னிக்கு ஒரு நாள் சொல்லாம இருந்து பாக்கலாம்னு நெனச்சேன். அவரே வந்து சொல்லட்டும்னு நெனச்சேன். வண்டி இப்படின்னு அவர் சொல்லலை. வேண்டாம்னு மட்டும்தான் சொன்னார். வழக்கம் போல ரெண்டு பேர் வீம்புன்னு விட்டுட்டேன்."

"கொட்டகையில நான் கேட்டேனே, ஏன்னு."

"கேட்டே. எனக்கு ஏன்னு தெரியாதே. அவர் பத்தடி தள்ளி நிக்கிறார். வருவார்னு பாத்தேன்."

கொட்டகைக்குள் அடுத்த வண்டிக்கு விலை ஏறிக்கொண்டிருந்தது.

ஊசியக்கா நேராக அவர் பக்கம் திரும்பினாள். "எதுக்கு விலை கேட்டீங்க?"

அவர் மகளைப் பார்த்தார்.

"அவளைப் பாக்காதீங்க. நான் இங்க இருக்கேன்."

"எடுத்துட்டு விட்டுடலாம்னு. என் முன்பணம் போனாப் போகட்டும்னு. உன் கைக்கு வரக் கூடாதுன்னு."

விசாரணைக்குப் பிறகு அவர் அவளிடம் சொன்ன முதல் வார்த்தைகள் இவைதான்.

அவள் சிரித்தாள். சிரிப்பு நல்ல சிரிப்பாக இல்லை. "வாயைத் திறந்திருந்தா நான் இதை வாங்கியே இருக்க மாட்டேன். கையைத் தூக்காம இருந்திருந்தா பாதி விலைக்கு வாங்கியிருப்பேன். ரெண்டுல ஒண்ணு செஞ்சிருக்கலாமே நீங்க?"

"நீ கேட்டியா? உன் புருஷன் ஓட்டின வண்டி. எப்படி இருந்துதுன்னு ஒரு வார்த்தை கேட்டியா?"

"பேசாத ஆள்கிட்ட என்னத்தக் கேக்கறது?"

"அவங்க கேட்டப்ப மட்டும் நல்லா பதில் சொன்னே."

தம்பி சட்டென்று, "அத்தான், அதை விடுங்க," என்றான். ஊசியக்காவின் உதடு ஏதோ சொல்ல அசைந்தது. சொல்லவில்லை. நாக்கில் ஊசி வைத்திருப்பவள் என்று பெயரெடுத்தவளுக்கு அந்த இடத்தில் ஒரு சொல் கிடைக்கவில்லை.

காவலாளி வந்தார். "வண்டியை இன்னிக்கே எடுத்துடணும். நாளைக்கு இருந்தா வாடகை."

பேருந்து ஓட்டத் தெரிந்தவர் அங்கே ஒருவர்தான். அவள் சாவியை நீட்டினாள். மகள் கையில் கொடுக்கவில்லை; அவர் கையிலேயே கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டார். விரல் பட்டதா என்றால், படாமல்தான் வாங்கினார்.

மகள் ஏறவில்லை. "நான் டவுன் பஸ்ல வரேன்," என்றாள். தம்பி சாக்கைச் சுருட்டிக்கொண்டு பட்டறைக்குக் கிளம்பினான். ஊசியக்கா ஏறி ஜன்னலோர இருக்கை ஒன்றில் உட்கார்ந்தாள்.

ஓட்டுநர் சாவியைச் செருகினார். கிளப்பவில்லை. எழுந்து பின்னால் நடந்து வந்தார். ஒவ்வொரு இருக்கையாகக் குனிந்து பார்த்தார். இருக்கைக்கு அடியிலும் பார்த்தார். அந்த வண்டியில் ஏறியது அவள் ஒருத்திதான், அது அவருக்கும் தெரியும். இருந்தாலும் கடைசி வரிசை வரைக்கும் போய், பின்கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினார். அவளைக் கடக்கும்போது நிற்கவில்லை. ஒரு வரிசையில் மட்டும், இடது பக்கம், அவர் குனிந்தபடியே அதிக நேரம் நின்றதை அவள் பார்த்தாள். எந்த இருக்கை என்று இப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வீடு வரும் வரை மெதுவாக, குழி பார்த்து ஓட்டினார்.

மாதக் கடைசியில் வீட்டுக்காரர் சாவியை வாங்கிக்கொண்டார். மகள் மருந்துக்கடையில் கூட வேலை செய்யும் பெண்ணின் அறைக்குப் போய்விட்டாள். போகும்போது இருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டாள். தம்பி சொன்ன சொல்லில் நின்றான், வெல்டு வைக்கவில்லை. ஆனால் கனமான மரக்கட்டைகளைக் கொண்டுவந்து வண்டியின் அடியில் முட்டுக்கொடுத்துவிட்டுப் போனான். தையல் மெஷின் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஏறியது. ஓட்டுநருக்கு ஒரு கிடங்கில் காவல் வேலை கிடைத்தது. இனி ஓடாத அந்தப் பேருந்தில், அதே தெருவோரத்தில் இருவரும் குடியிருக்கிறார்கள். நடுவில் ஆள் இல்லாததால் நேராகவே பேசிக்கொள்கிறார்கள். கூரை ஒழுகுவது, கதவு சாத்தாதது, தண்ணீர் எங்கே பிடிப்பது, எல்லாம் வண்டியைப் பற்றிய பேச்சு. விசாரணையைப் பற்றி இருவருமே வாயெடுக்கவில்லை. தெருவில் வண்டி நிற்கக் கூடாது, பத்து நாளில் எடுக்காவிட்டால் நாங்களே இழுத்துப் போவோம் என்று நகராட்சி ஆள் வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். முட்டுக்கட்டையை எடுத்தால் வண்டி தாங்குமா என்று அவள் கேட்டாள். ஓட்டுநர் இன்னும் பதில் சொல்லவில்லை.